சுழலும் புல்லி, அசையாத தட்டு

அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1940-ஆம் ஆண்டு மாடல் கார்களை ஏசியோடு விற்றது. தொழிற்சாலையிலேயே ஏசி பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் கார் அதுதான். நன்றாகக் குளிர்ந்தது. ஆனால் கம்ப்ரசரை நிறுத்த வழியில்லை. அது என்ஜினோடு பெல்ட்டால் நேரடியாகப் பிணைக்கப்பட்டிருந்ததால், என்ஜின் ஓடும்வரை அதுவும் ஓடியாக வேண்டும். குளிர்காலம் வந்தால் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றி எடுத்து வைக்க வேண்டியதுதான். டிரைவர் கையில் இருந்தது ப்ளோயர் ஸ்விட்ச் மட்டும்.

1954-இல் நாஷ் நிறுவனம் ஏசியின் பாகங்கள் எல்லாவற்றையும் காரின் முன்பகுதிக்குள் அடக்கியபோது, கம்ப்ரசரில் மின்காந்தக் கிளட்சையும் வைத்தது. தேவையென்றால் சேரும், தேவையில்லையென்றால் விலகும். பெல்ட்டைக் கழற்றும் வேலை ஒழிந்தது. கூடவே ஒரு புதுக் கோளாறும் வந்து சேர்ந்தது: பட்டனை அமுக்கியும் சேர மறுக்கும் கம்ப்ரசர். பேக்கார்டு வைத்திருந்தவருக்கு இந்தத் தொல்லை வர வாய்ப்பே இல்லை.

நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் இந்தக் கோளாறுக்கு முதலில் கிடைக்கும் பதில், “கேஸ் போட்டுப் பார்க்கலாம் சார்” என்பது. சில நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கம்ப்ரசர் சேராமல் இருப்பதற்குக் கேஸோடு தொடர்பே இல்லாத காரணங்கள் பல உண்டு. கேஸ்தான் காரணம் என்றாலும், வெறுமனே கேஸை நிரப்புவது தீர்வாகாது. ஏன் என்று பார்க்க, முதலில் அந்தக் கிளட்சையே கொஞ்சம் நெருங்கிப் பார்த்துவிடுவோம்.

என்ஜின் ஓடும்போது பானெட்டுக்கு வெளியே நின்று பாருங்கள்; கை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. கம்ப்ரசரின் முகப்பில், வெளிவட்டத்தில் புல்லி சுற்றிக்கொண்டிருக்கும். அது பேரிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஏசி போட்டாலும் போடாவிட்டாலும் பெல்ட் இழுக்கிற இழுப்பில் அது சுற்றும். அதற்கு முன்னால் நடுவில் ஓர் இரும்புத் தட்டு. கம்ப்ரசரின் அச்சோடு இறுகியிருப்பது அதுதான். புல்லிக்குப் பின்னால், சுற்றாமல், கம்ப்ரசரின் உடம்போடு பொருத்திய ஒரு செம்புக் கம்பிச் சுருள். மெக்கானிக்குகள் இதைக் காயில் என்பார்கள். காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் புல்லியின் இரும்பு வழியாகக் காந்தப் புலம் வந்து தட்டை இழுக்கிறது. தட்டு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நகர்ந்து புல்லியோடு ஒட்டிக்கொள்கிறது. ‘டக்’ என்று ஓசை கேட்கும். என்ஜினின் தொனி ஒரு நொடி தாழ்ந்து மீளும். அந்த ‘டக்’ வரவில்லை என்பதுதான் நம் அத்தியாயம்.

வெறும் கம்பிச் சுருளுக்கு இவ்வளவு பலமா என்று தோன்றலாம். 1825-இல் வில்லியம் ஸ்டர்ஜன் என்ற ஆங்கிலேயர் குதிரை லாட வடிவத்தில் வளைத்த, ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள இரும்புத் துண்டின் மேல் செம்புக் கம்பியைச் சுற்றி மின்சாரம் செலுத்திக் காட்டினார். அது நான்கு கிலோ எடையைத் தூக்கியது. மின்சாரத்தை நிறுத்தினால் எடை கீழே விழுந்தது. அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி கம்பிக்கு உறை போட்டு, அடுக்கடுக்காக நெருக்கிச் சுற்றி அந்தப் பலத்தைப் பல மடங்காக்கினார். கம்ப்ரசர் முகப்பில் இருப்பது அதே காந்தத்தின் வட்ட வடிவம். சுமாராக 3 முதல் 4 ஆம்பியர் வாங்கி, என்ஜினிலிருந்து சில குதிரைத் திறனைக் கடத்துகிற பிடியைத் தருகிறது.

சேராத கம்ப்ரசரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: காயிலுக்கு மின்சாரம் வந்து சேர்கிறதா? வருகிறது, ஆனால் தட்டு நகரவில்லை என்றால் கோளாறு கிளட்சில். வரவில்லை என்றால் கிளட்சின் மேல் பழி போட முடியாது. வேறு யாரோ ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறார்கள், அல்லது வழியில் கம்பி அறுந்திருக்கிறது. இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் எந்தப் பொருளையும் மாற்றுவது சூதாட்டம்.

மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும். ஆனாலும் கிளட்ச் சேராது. பச்சை பூத்த ஒரு முனை, நூலிழையாக மிஞ்சிய ஒரு செம்பு இழை இருந்தாலே மீட்டருக்குப் போதும், ஏனென்றால் மீட்டர் மின்னோட்டம் எதையும் கேட்பதில்லை. காயில் கேட்கிறது. அந்த வழியில் வெறும் 1 ஓம் தடை கூடுதலாக இருந்தால், 13.5 வோல்ட் கிளம்பினாலும் 3.6 ஓம் காயிலுக்குக் கிடைப்பது பத்தரை வோல்ட்தான். அதனால் கனெக்டரை மாட்டிய நிலையில், காயில் சுமையோடு இருக்கும்போது அளப்பதுதான் முறை. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் டெஸ்ட் லேம்ப் இந்த இடத்தில் விலையுயர்ந்த மீட்டரைவிட நேர்மையானது. அது மின்னோட்டத்தை வாங்கித்தான் எரியும். வழி கெட்டிருந்தால் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

மின்சாரம் முழுசாக வந்தும் தட்டு அசையாத கார்களில் ஒரு வகை இருக்கிறது, மெக்கானிக்கையும் உரிமையாளரையும் மாதக்கணக்கில் சண்டை போட வைக்கும் வகை. காலையில் ஏசி அருமையாக வேலை செய்யும். விழுப்புரம் தாண்டி நடுப்பகலில் டீ குடிக்க நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து வண்டியைக் கிளப்பினால் வெறும் காற்றுதான் வரும். சாயங்காலம் தானாகவே சரியாகிவிடும். மறுநாள் காலை ஒர்க்‌ஷாப்பில் விட்டால், “நல்லாத்தானே இருக்கு” என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது நன்றாகத்தான் இருக்கும்.

காரணம் அந்த அரை மில்லிமீட்டர். தட்டு ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் ஒரு கணம் வழுக்கி, பிறகு பிடிக்கிறது. லட்சக்கணக்கான முறை இப்படித் தேய்ந்து இடைவெளி மெல்ல விரிகிறது. காந்தத்தின் இழுவிசையோ இடைவெளியின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவது. இடைவெளி 0.5 மில்லிமீட்டரிலிருந்து 0.8 ஆனால், இழுவிசை பழையதில் 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். காலை நேரத்தில் தட்டின் ஸ்பிரிங்கை வெல்ல இது போதுமானதாக இருக்கலாம்.

அதன்மேல் சூடு ஏறுகிறது. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 3.6 ஓம் இருக்கும் காயில் 110 டிகிரியில் ஏறக்குறைய 4.9 ஓம். மின்னோட்டம் நான்கில் மூன்று பங்காகக் குறைகிறது. விசை மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அது மறுபடி ஏறத்தாழ பாதியாகிறது. தேய்மானத்தையும் சூட்டையும் சேர்த்துப் பெருக்கினால், புதிதாக இருந்தபோது கிடைத்த இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். இரும்பின் காந்தத் தடையைக் கழித்துவிட்டுப் போட்ட தோராயக் கணக்கு இது; இருந்தாலும் போக்கு இதுதான்.

டீக்கடை இதில் எங்கே வருகிறது? தட்டு ஒருமுறை ஒட்டிவிட்டால் இடைவெளி பூஜ்யம். அப்போது மிகக் குறைந்த மின்னோட்டமே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் இந்தக் கோளாறு பெரும்பாலும் தலைகாட்டாது. விலகிய தட்டை மறுபடி இழுக்கும்போதுதான் முழு இடைவெளியையும் தாண்ட வேண்டியிருக்கிறது. என்ஜினை நிறுத்தியதும் ரேடியேட்டர் ஃபேனும் தண்ணீர் பம்பும் நின்றுவிடும். ஆனால் இரும்பில் தங்கிய சூடு அடுத்த பத்துப் பதினைந்து நிமிடம் பானெட்டுக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். காயில் மிகச் சூடாகவும் தட்டு மிகத் தொலைவிலும் இருக்கும் அந்த நேரம் பார்த்து நாம் டீ குடித்து முடித்துத் திரும்பி வருகிறோம்.

இதற்கு வைத்தியம் சில நேரம் காசே கேட்காது. பல கம்ப்ரசர்களில் தட்டுக்கும் அச்சுக்கும் நடுவே மெல்லிய ஷிம் வாஷர்கள் இருக்கும். ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியை அளந்து, ஒரு வாஷரை எடுத்துவிட்டால் தட்டு புல்லிக்கு நெருங்கி வந்துவிடும். தயாரிப்பாளர் சொல்லும் அளவு கம்ப்ரசருக்குக் கம்ப்ரசர் மாறும், பெரும்பாலும் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள். தேய்மானம் வாஷரைவிடப் பெரிதென்றால் கிளட்சையே மாற்ற வேண்டும். எப்படியும் முழுக் கம்ப்ரசரை மாற்றச் சொல்லிக் கேட்கும் தொகையில் இது சிறு பகுதிதான். என்ன, கோளாறு இருக்கும் நேரத்தில், சூடாக இருக்கும்போதே பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். ஆற வைத்துப் பார்ப்பது நோயாளி தூங்கும்போது இருமலைத் தேடுகிற கதை.

இனி, மின்சாரமே வராத கார்கள். ஏசி பட்டன் காயிலோடு நேரடியாகப் பேசுவதில்லை. பழைய வண்டிகளில் சில ஸ்விட்சுகள் வரிசையாகக் கோத்திருக்கும். ஒன்று திறந்தாலும் மின்சாரம் நிற்கும். இப்போதைய வண்டிகளில் பட்டன் ஒரு வேண்டுகோள் மட்டும். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி அதை வாங்கி, காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் உறைகிற நிலையில் இருக்கிறதா, கேஸின் அழுத்தம் என்ன, என்ஜின் கொதிக்கிறதா, பேட்டரி தளர்ந்திருக்கிறதா, டிரைவர் ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து லாரியை முந்துகிறாரா என்றெல்லாம் பார்த்துவிட்டு, சரி என்றால் காயிலுக்கு மின்சாரம் விடும் ரிலேவுக்கு உத்தரவு கொடுக்கும்.

ரிலேவைச் சோதிப்பது எளிது. ஹார்னுக்கும் ஏசிக்கும் ஒரே மாதிரி ரிலே இருக்கும் வண்டிகள் ஏராளம். மாற்றிப் போட்டால் தெரிந்துவிடும். ஃப்யூஸ் எரிந்திருந்தால் புதியதைப் போட்டுவிட்டு நிம்மதியடைய வேண்டாம். காயிலில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். அல்லது காயிலோடு இணையாக வைத்திருக்கும் சிறிய டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். காயிலை அணைக்கும் கணத்தில் அதன் காந்தப் புலம் சரிந்து பெரிய மின்னழுத்தத்தைத் திருப்பி உதைக்கும். அந்த உதையை வாங்கிக்கொள்ளத்தான் டயோடு. எலி கடித்த ஒயரையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் நிறுத்தும் கார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

கணினியின் மறுப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது எவாப்பரேட்டர் தெர்மிஸ்டர் செய்யும் வேலை. எவாப்பரேட்டரின் தகடுகளுக்கிடையே செருகியிருக்கும் சின்ன உணரி அது. தகடுகள் உறைநிலையை நெருங்கினால் அவற்றின் மேல் படியும் ஈரம் பனிக்கட்டியாகிக் காற்றை அடைத்துவிடும் என்பதால், சில டிகிரி முன்னதாகவே கம்ப்ரசரை நிறுத்தச் சொல்வது அதன் பணி. குளிரக் குளிர அதன் மின்தடை ஏறும். இப்போது அதன் ஒயர் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்தடை முடிவிலி. கணினி இதை எப்படிப் புரிந்துகொள்ளும்? கற்பனைக்கெட்டாத குளிர் என்று. வெளியே மே மாத வெயில் கொளுத்தும். உள்ளே துருவப் பிரதேசம் என்று முடிவு செய்து கம்ப்ரசரைத் தடுத்து வைக்கும். ஸ்கேனரை மாட்டி எவாப்பரேட்டர் வெப்பநிலை என்ன என்று பார்த்தால் மைனஸ் முப்பது, நாற்பது என்று காட்டும். ராத்திரி முழுக்க நின்றிருந்த வண்டியில் காலையில் சாவி போட்டதும் எல்லா வெப்ப உணரிகளும் ஏறக்குறைய ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் தனியாக எதையாவது சொன்னால் பிடிபட்டது.

அடுத்தது அழுத்தம். கேஸ் பற்றிய பேச்சு நியாயமாக இங்கேதான் வர வேண்டும்.

காரில் பரவலாக இருக்கும் ஆர்-134ஏ என்ற கேஸ், கடல்மட்ட அழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியில் கொதிப்பது. மூடிய குழாய்க்குள் அது பாதி திரவமாகவும் பாதி ஆவியாகவும் இருக்கும். இரண்டும் சேர்ந்திருக்கும்வரை உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பது அல்ல. வண்டி நின்றிருக்கும்போது, 30 டிகிரியில் கேஜ் 97 பிஎஸ்ஐ அளவில் காட்டும், 35 டிகிரியில் 114, 40 டிகிரியில் 133. அரை கிலோ இருந்தாலும் இதே எண், அதில் கால் பங்கு இருந்தாலும் இதே எண். சமையல் கேஸ் சிலிண்டரை 14.2 கிலோ என்று எடை போட்டு விற்பதும் இதனால்தான். அடுப்பின் தீ கடைசி நாள் வரை ஒரே மாதிரி எரிந்துவிட்டுத் திடீரென்று நின்றுபோகும்.

ஆகவே கேஜை மாட்டி, “பிரஷர் இருக்கு, கேஸ் ஃபுல்” என்பது தவறு. கேஸ் எவ்வளவு என்பதை, முழுவதும் உறிஞ்சி எடுத்து எடை போட்டால் மட்டுமே சொல்ல முடியும்.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். அழுத்த ஸ்விட்ச் பொதுவாக 2 பார், அதாவது ஏறக்குறைய 29 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் கம்ப்ரசரைத் தடுக்கும். நம் ஊர் வெப்பத்தில், நின்ற வண்டியில், அழுத்தம் அவ்வளவு தாழ வேண்டுமென்றால் உள்ளே ஒரு சொட்டுத் திரவம்கூட மிஞ்சியிருக்கக் கூடாது. ஆவியும் பெரும்பகுதி போயிருக்க வேண்டும். என் கணக்கில், நிரப்பியதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கேஸ் கொஞ்சம் குறைந்த வண்டியில் கம்ப்ரசர் சேரும், குளிர்ச்சிதான் மந்தமாக இருக்கும். அல்லது ஸ்விட்ச் தாழழுத்தப் பக்கம் இருக்கும் அமைப்புகளில் சில நொடிக்கொரு முறை சேர்ந்து சேர்ந்து விலகும். கேஸ் இல்லாததால் கம்ப்ரசர் சேரவே இல்லை என்றால், கேஸ் ‘குறையவில்லை’; மொத்தமாக வெளியேறிவிட்டது. அத்தனையும் போவதற்கு ஒரு வழி இருந்தது, அந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது. நைட்ரஜன் அடைத்து, சோப்பு நுரை போட்டு ஓட்டையைத் தேடாமல் புதிய கேஸை ஏற்றுவது வாடிக்கையாளர் பணத்தை ஆகாயத்துக்கு அனுப்புவதுதான். ஆகாயத்துக்கும் அது நல்லதல்ல: நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-134ஏ, 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடேற்றும் என்பது பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் 2007 அறிக்கை தந்த மதிப்பு. இந்த வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-இல் கிகாலியில் உடன்பாடு ஆனது.

இந்த ஸ்விட்ச் முழுக்க நியாயமாக மறுக்கும் இடமும் ஒன்றுண்டு. 0 டிகிரியில் ஆர்-134ஏயின் அழுத்தம் ஏறக்குறைய 28 பிஎஸ்ஐதான். புல் மேல் உறைபனி படிந்திருக்கும் ஜனவரி அதிகாலையில், ஊட்டியில், கேஸ் முழுதாக உள்ள வண்டியும் கம்ப்ரசரைச் சேர்க்க மறுக்கலாம். வண்டியில் ஒரு குறையும் இல்லை.

ஸ்விட்ச்சின் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, “டைரக்ட் கொடுத்தாச்சு” என்று வண்டியை அனுப்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நொடி இணைத்து கிளட்ச் ‘டக்’ என்கிறதா என்று பார்ப்பது சோதனை. அப்படியே விட்டுவிடுவது கம்ப்ரசரைக் கொல்வது. கம்ப்ரசருக்குத் தேவையான எண்ணெய், கேஸோடு கலந்து குழாய் முழுக்கச் சுற்றி வந்துதான் அதைச் சேருகிறது. கேஸ் இல்லையென்றால் எண்ணெய் திரும்பி வராது. உள்ளே அலுமினியம் உரசி, பொடியாகி, கடைசியில் ஜாம் ஆகும். அந்தப் பொடி, கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரின் நுண்குழாய்களில் போய்ப் படியும். அதைக் கழுவி எடுப்பது பெரும்பாடு, பல நேரம் கண்டன்சரையும் மாற்ற வேண்டிவரும். ஜாம் ஆகிவிட்டதா என்று அறிய, என்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, நடுத் தட்டைக் கையால் சுற்றிப் பார்த்தால் போதும். லேசான எதிர்ப்போடு சுற்ற வேண்டும். அசையவே இல்லையென்றால் காயிலையும் ரிலேவையும் பற்றி யோசிப்பதை நிறுத்திவிடலாம்.

அழுத்தம் மேலே போனாலும் தடை உண்டு, ஏறக்குறைய 30 பாரில். கண்டன்சர் ஃபேன் ஓடாத வண்டி இதில் மாட்டும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று கண்டன்சரைக் குளிர்விப்பதால் எல்லாம் நலம்; கிண்டி சிக்னலில் நின்றதும் அழுத்தம் ஏறிக் கம்ப்ரசர் விலகிவிடும். கவனியுங்கள், இதுவும் நடுப்பகலில் வரும் கோளாறு; உரிமையாளர் சொல்கிற கதையும் தேய்ந்த கிளட்சின் கதையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துச் சொல்வது அந்த டெஸ்ட் லேம்ப்தான். விலகிய நேரத்தில் விளக்கு பிரகாசமாக எரிந்தால் இடைவெளி. எரியவில்லையென்றால் ஃபேன் பக்கம் போங்கள்.

இவ்வளவும் கிளட்ச் உள்ள வண்டிகளுக்கு. இப்போது பல புதிய கார்களின் கம்ப்ரசரில் கிளட்சே இல்லை. பெல்ட் எப்போதும் அச்சைச் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே ஒரு சாய்தட்டு, மின்வால்வு சொல்லுகிற அளவுக்குச் சாய்ந்து பிஸ்டன்களின் வீச்சைக் கூட்டும் குறைக்கும். குளிர்ச்சி வேண்டாதபோது வீச்சு கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிடும். அந்த வண்டியில் ‘டக்’ என்று கேட்கக் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முன்தட்டு சுற்றுவதைப் பார்த்துக் கம்ப்ரசர் வேலை செய்கிறது என்று முடிவுகட்டவும் முடியாது. கேஜ்களை மாட்டி, ஏசி போட்டதும் இரு பக்க அழுத்தங்களும் எதிரெதிர்த் திசையில் விலகுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டும் அதே இடத்தில் நின்றால் வால்வுக்கு உத்தரவு போகிறதா என்பது அடுத்த கேள்வி. மின்சாரக் கார்களில் பெல்ட்டும் இல்லை. கம்ப்ரசருக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது, அதற்குப் போகும் ஆரஞ்சு நிறக் கேபிளில் பல நூறு வோல்ட் ஓடுகிறது. அதன் பக்கத்தில் டெஸ்ட் லேம்ப்பைக் கொண்டுபோகாதீர்கள்.